பாலாறும் பாட்டாளியும்

"பசுமை வேலை" என்று இன்று புதுப்பெயர் சூட்டிப் பேசுகின்றனர். பாலாற்றங்கரைக்கு அது புதிய செய்தியா? அன்று! கழிவுநீரைச் சுத்திகரிக்காத தோல் தொழிற்சாலை இயங்கலாகாது, ஆற்றைக் கெடுத்தவரே ஈடு செய்தாக வேண்டும் என்று 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் உள்ளன. உப்பைப் பிரிப்பதும், குரோமியம் கலந்த சேற்றை அகற்றுவதும் பசுமை வேலை அன்றி வேறென்ன?

ஆனால், அவ்வேலை ஒழுங்காக நடந்ததா? 2015 ஜனவரி 31-இல் இராணிப்பேட்டையில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்தது. அடுத்த தொழிற்சாலையில் உறங்கிக்கிடந்த பாட்டாளிகள் பத்துப் பேர் மாண்டனர். வயிற்றுப் பிழைப்புக்காக வங்கத்திலிருந்து வந்தவர்களும் அவர்களில் உண்டு. அந்தோ, என்ன கொடுமை!

பாலாற்றை மீட்கவேண்டும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட்டது. மீட்கப்போவது யார்? காகிதமா? உழைப்பாளியின் கைகளன்றோ! ஆகவே கேட்கிறோம்: நாட்றம்பள்ளி இளைஞனுக்குப் பயிற்சி கொடுங்கள், ஒப்பந்தக் கூலியாக அல்ல, நிரந்தரத் தொழிலாளியாக அமர்த்துங்கள், உயிருக்குப் பாதுகாப்பும் உழைப்புக்கேற்ற ஊதியமும் தாருங்கள். செலவு தோல் விற்று இலாபம் கண்டோருடையது. ஆறும் பிழைக்கட்டும், அதைக் காப்பவனும் பிழைக்கட்டும்!