வெயில் மதிப்பெண் பட்டியல் பார்ப்பதில்லை

1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்துக்கு மாற்றாக வெளியுறவு அமைச்சகம் 2025 அக்டோபரில் முன்வைத்த வரைவு மசோதாவைப் பற்றி நடக்கும் விவாதங்களைப் படிக்கப் படிக்க எரிச்சல்தான் மிஞ்சுகிறது. ஏஜென்ட்டுகளுக்கு உரிமம், அபராதத் தொகை, மாநிலங்களுக்கு எவ்வளவு அதிகாரம் என்பதிலேயே பேச்சு சுற்றிச் சுற்றி வருகிறது. போகிறவரின் உடம்பு என்ன ஆகும் என்று கேட்பாரில்லை.

வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர் பத்தாம் வகுப்பு தேறாதவர் என்றால் குடிபெயர்வு அனுமதி பெற்றாக வேண்டும். அதற்கு ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ காப்பீடு கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். பத்தாம் வகுப்பு தேறியவருக்கு, செவிலியர் போன்ற சிலரைத் தவிர, அனுமதியும் வேண்டாம், காப்பீடும் கட்டாயமில்லை.

தமிழ்நாட்டில் 2025-இல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 93.80 சதவீதம். முந்தைய ஆண்டு 91.55. அதாவது, இனி நம் ஊரிலிருந்து கிளம்பப்போகும் வெல்டர், ஃபிட்டர், கம்பி கட்டுபவர், ஓட்டுநர் என ஏறத்தாழ எல்லோருமே இந்தக் காப்பீட்டு வளையத்துக்கு வெளியே நிற்பவர்கள். படித்தவர், தன்னைத் தானே பார்த்துக்கொள்வார் என்பது சட்டத்தின் கணக்கு. ஒரே சாரத்தில் இருவர் நிற்கிறார்கள், சாரம் சரிகிறது. பத்தாவது தேறாதவரின் குடும்பத்துக்கு 10 லட்சம். ஐடிஐ முடித்தவரின் குடும்பம் மனு எழுதிக்கொண்டு அலைய வேண்டும். கல்வியில் முன்னேறிய மாநிலத்துக்குக் கிடைத்த தண்டனை இது.

ஐரோப்பாவைப் பாருங்கள். பத்து நாள் சுற்றுலாவாக பாரிஸ் போகிறவரிடம் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு இல்லையென்றால் ஷெங்கன் விசா கிடையாது. இன்றைய மதிப்பில் அது 30 லட்சம் ரூபாய்க்குக் குறையாது. அவசர சிகிச்சை, ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவு, இறந்தால் உடலைக் கொண்டுவரும் செலவு எல்லாம் அதில் அடங்கும். ஈஃபில் கோபுரத்தை நிமிர்ந்து பார்க்கப் போகிறவருக்கு இவ்வளவு பாதுகாப்பு. கோபுரங்களைக் கட்டப் போகிறவருக்கு, அதுவும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு, மேலே சொன்ன விபத்துக் காப்பீடுதான். கூடவே ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு.

‘விபத்து’ என்ற அந்த நிபந்தனையில்தான் கொடுமை ஒளிந்திருக்கிறது. உலகக் கோப்பைக் கால்பந்தை நடத்தும் உரிமை கத்தாருக்குக் கிடைத்த 2010 முதல் 2020 வரை அங்கே இறந்த இந்தியர்கள் 2,711 பேர் என்று ‘கார்டியன்’ நாளிதழ் 2021-இல் திரட்டி வெளியிட்டது. அந்த மரணங்களில் 80 சதவீதம் ‘இயற்கை மரணம்’ என்று பதிவானவை. மக்கள்தொகையை வைத்துப் பார்த்தால் இது எதிர்பார்க்கக்கூடிய எண்ணிக்கைதான் என்றது கத்தார் அரசு. பெரும்பாலும் பிரேதப் பரிசோதனையே செய்யாமல் எழுதிக்கொடுத்த சான்றிதழ்களை வைத்துக்கொண்டு எதை எதிர்பார்ப்பது? எதிர்பாராத மரணங்களில் பிரேதப் பரிசோதனைக்கு வழி செய்ய வேண்டும் என்று அந்த அரசே நியமித்த சட்ட நிறுவனம் 2014-லேயே சொல்லிவிட்டது.

கத்தாரில் 2009 முதல் 2017 வரை இறந்த நேபாளத் தொழிலாளர்களைப் பற்றி 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. வெயில் ஏற ஏற இதய மரணங்களும் ஏறியதை அது காட்டியது. மதிய வேளையில் வெளிவேலைக்குத் தடை உண்டே என்பார்கள். குவைத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலை 11 முதல் மாலை 4 வரை தடை. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை. கடலோர ஈரப்பதத்தில் காலை ஒன்பது மணிக்கே வியர்வை ஆறாது. கழிப்பறை தூரம் என்று தண்ணீரைக் குறைத்துக் குடிக்கிறவரின் சிறுநீரகம், எந்தச் சான்றிதழிலும் ஏறாமல் மெல்ல மெல்லக் கெடும். வளைகுடாவிலிருந்து திரும்பி டயாலிசிஸ் படுக்கையில் விழும் இளைஞர்களை நேபாள மருத்துவர்கள் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறார்கள்.

போகும்போது ‘மெடிக்கல்’ உண்டு. காசநோய், மஞ்சள் காமாலை, எச்ஐவி என்று துருவிப் பார்த்து ‘ஃபிட்’ என்று எழுதினால்தான் விசா. அது அவர்கள் நாட்டைக் காக்கும் பரிசோதனை. திரும்பி வருகிறவரின் ரத்தத்தில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் எவ்வளவு என்று பார்க்க இந்த நாட்டில் ஒரு மேசை கூடக் கிடையாது. திருச்சி விமான நிலையத்தில் தங்கத்தைத் தேடும் அக்கறையில் பாதி இருந்தால் போதும்.

தங்குமிடமும் இதே கதைதான். 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்தது. ஏழு தமிழர்கள் உட்பட நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் மாண்டார்கள். பலரைக் கொன்றது புகை. விமானப் படை விமானம் உடல்களைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது, தலைவர்கள் வரிசையில் நின்றார்கள், நிவாரணத் தொகைகள் அறிவிக்கப்பட்டன. அந்த வேகம், ஆட்கள் உயிரோடு இருக்கும்போது அவர்களுடைய கேம்ப்பில் தீயணைப்புக் கருவி உண்டா என்று கேட்பதில் ஏன் இல்லை?

முதலாளியே காப்பீடு தருகிறார், பிறகு எதற்கு இன்னொன்று என்பது ஏஜென்ட்டுகளின் வாதம். வேலை போனால், விசா முடிந்தால், விசாவுக்குப் பொறுப்பேற்ற கஃபீலிடமிருந்து தப்பி ஓடினால் அந்தக் காப்பீடும் போய்விடும். செலவு கூடினால் வேலை பங்களாதேஷுக்குப் போய்விடும் என்கிறவர்கள் 275 ரூபாயைப் பற்றித்தான் பேசுகிறோம் என்பதை மறந்துவிடுகிறார்கள். பிலிப்பின்ஸ் 2010-லேயே சட்டம் போட்டது: ஏஜென்சி வழியாகப் போகும் ஒவ்வொருவருக்கும் காப்பீடு, பணம் கட்ட வேண்டியது ஏஜென்சி. விபத்து மரணத்துக்கு 15,000 டாலர், இயற்கை மரணத்துக்கும் 10,000 டாலர். அதனால் பிலிப்பினோக்களுக்கு வேலை இல்லாமல் போய்விடவில்லை.

வரைவு மசோதா சட்டமாகும் முன் நம் எம்.பி.க்கள் வைக்க வேண்டிய திருத்தங்கள் இவை: பத்தாம் வகுப்புக் கோட்டை அழித்து எல்லாத் தொழிலாளர்களுக்கும் காப்பீட்டைக் கட்டாயமாக்க வேண்டும். எந்த மரணத்துக்கும் தொகை தர வேண்டும். ஐம்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர் வளைகுடாவில் இறந்தால், பிரேதப் பரிசோதனை வேறு காரணம் சொல்லும் வரை அதை வேலையால் வந்த மரணமாகவே சட்டம் கொள்ள வேண்டும். அதை ஏற்காத நாட்டுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திவைக்க வேண்டும்.