சொன்னவருக்கே சொந்தம்

"உள்ளே என்ன சொன்னா, டாக்டர்?" ஆலோசனை அறையின் கதவு திறந்ததும் வெளியே காத்திருக்கும் தாயோ கணவரோ மாமியாரோ முதலில் கேட்பது இதைத்தான். புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இதைத் தவறென்று யாரும் நினைப்பதில்லை. கூட்டி வந்தது நாங்கள், செலவு செய்தது நாங்கள், நாளைக்கு ஒன்று ஆனால் பார்த்துக்கொள்ளப் போவதும் நாங்கள். எங்களுக்குத் தெரியாமல் அவளுக்கு என்ன ரகசியம்? இந்த நம்பிக்கையை நான் எதிர்க்கிறேன். குடும்பத்தைவிட, கேட்டதும் பதில் சொல்லிவிடும் ஆலோசகர்மீதுதான் எனக்குக் கோபம் அதிகம்.

சட்டத்தில் குழப்பம் இல்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 23ஆம் பிரிவு, தன் மனநலம், சிகிச்சை பற்றிய தகவல்கள் ரகசியமாகக் காக்கப்படும் உரிமையைச் சிகிச்சை பெறுபவருக்குத் தருகிறது. விதிவிலக்குகளையும் அதுவே சொல்கிறது: உயிருக்கு ஆபத்து, பிறருக்கு நேரக்கூடிய வன்முறை, நீதிமன்ற உத்தரவு, சிகிச்சையில் பங்குபெறும் மற்ற நிபுணர்கள், சிகிச்சை பெறுபவர் தனக்கென்று அமர்த்தும் நியமனப் பிரதிநிதி. 'பெற்றவர் கேட்டால்', 'கட்டியவர் கேட்டால்' என்று அந்தப் பட்டியலில் இல்லை.

"அதெல்லாம் டவுனுக்குச் சரி, நம்ம ஊருக்கு ஒத்து வராது" என்பார்கள். நம் ஊருக்குத்தான் இது மிகவும் தேவை. நகரத்தில் ஒரு மருத்துவரைப் பிடிக்கவில்லையென்றால் இன்னொருவரிடம் போகலாம். கொம்யூன் கிராமத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டு எழுதுபவர் அத்தை முறை, மருந்து கொடுப்பவர் அடுத்த தெரு. அங்கே சொன்ன ஒரு வார்த்தை பொழுது சாய்வதற்குள் டீக்கடைக்கு வந்துவிடும். 'மனசு சரியில்லை' என்று ஒருமுறை பெயர் பட்டுவிட்டால் பெண் பார்க்க வருபவர்கள் பாதி வழியில் திரும்பிவிடுவார்கள். அதனால்தான் பாகூர்க்காரர் கடலூருக்குப் பேருந்து ஏறுகிறார். தன்னைத் தெரியாத மருத்துவர் அங்கே கிடைப்பார் என்பதற்காக. பேருந்துக்குக் காசோ, வீட்டைவிட்டு வெளியே போக அனுமதியோ இல்லாதவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள்.

எதிர்த்தரப்பில் வலுவான வாதம் ஒன்று உண்டு. இந்தியாவில் மனநோயாளியைத் தாங்குவது குடும்பம்தான். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் உறவினர்களை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்துச் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையமும் நோயாளியோடு குடும்பத்தினரைத் தங்கவைக்கும் முறையை வளர்த்தெடுத்தது. உலகுக்கு நம் நாடு கற்றுக்கொடுத்த பாடம் அது. அதை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால், அந்தக் குடும்பங்களுக்கு அங்கே கிடைத்தது நோயைப் பற்றிய அறிவு, மாத்திரை கொடுக்கும் பழக்கம், பொறுமை. இதற்கெல்லாம் நோயாளியின் அந்தரங்கம் தேவையில்லை. மகன் சரியாகத் தூங்குவதில்லை, மருந்தைத் துப்பிவிடுகிறான் என்று தாய் தாராளமாக ஆலோசகரிடம் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். அவன் யாரை நினைத்து அழுதான் என்பதை ஆலோசகர் தாயிடம் திருப்பிச் சொல்லத் தேவையில்லை.

குடும்பமாக உட்காரவைத்துப் பேசும் சிகிச்சையிலும் இதே நெறிதான். அமெரிக்கத் திருமண, குடும்பச் சிகிச்சையாளர் சங்கத்தின் நெறிமுறைப்படி, ஒருவர் தனியாகச் சொன்னதை அவருடைய எழுத்துப்பூர்வமான அனுமதியின்றி அதே குடும்பத்தின் இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. குடும்பம் முழுவதையும் ஒரே நோயாளியாகப் பார்க்கும் துறையே இந்தக் கோட்டைப் போட்டிருக்கிறது. காரணம் கண்கூடானது. அடிக்கிறார் என்று மனைவி தனியாகச் சொன்னதை வைத்துக்கொண்டு, "ஏம்பா, இப்படிச் செய்யலாமா?" என்று கணவருக்குப் புத்தி சொல்லி அனுப்பும் ஆலோசகர், அன்றைய இரவு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்தாரா? அந்தப் பெண் இனி எந்த அறையிலும் வாய் திறப்பாளா?

குழந்தைகள் விஷயத்தில் சட்டம் பேசச் சொல்கிறது, உண்மைதான். போக்சோ சட்டம் 2012-இன் 19ஆம் பிரிவின்படி, குழந்தைமீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. ஆனால் யாரிடம் தெரிவிப்பது? சிறப்புச் சிறார் காவல் பிரிவிடம் அல்லது உள்ளூர்க் காவல் நிலையத்தில். வீட்டுப் பெரியவரிடம் சொல்லி 'பேசி முடித்துக்கொள்ளுங்கள்' என்று விட்டுவிட முடியாது. குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கலாம் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்னொரு எதிர்பார்ப்பும் இதோடு ஒட்டியே வருகிறது. "கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க சார்" என்றுதான் கவுன்சிலிங்குக்குக் கூட்டி வருகிறார்கள். காதலை விடச் சொல்லுங்கள், புகுந்த வீட்டுக்குத் திரும்பிப் போகச் சொல்லுங்கள் என்பதுதான் வேண்டுகோள். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து சேர்ந்து வாழ்ந்த இரண்டு இளம்பெண்களைத் தேடிப் பெற்றோர் காவல் நிலையம் போன வழக்கு, சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. புதுச்சேரியும் அந்த நீதிமன்றத்தின் ஆளுகைக்கு உட்பட்டதுதான். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இரு பெண்களையும் பெற்றோரையும் உளவியலாளரிடம் அனுப்பினார். மகள்களைத் திருத்தி வீட்டுக்கு அனுப்பும் வேலையை அந்த உளவியலாளரிடம் அவர் கொடுக்கவில்லை. இந்த விஷயத்தில் தனக்கே தெளிவு வேண்டும் என்று, தானும் அதே உளவியலாளர் முன் உட்கார்ந்தார். 2021 ஜூன் 7 அன்று அவர் பிறப்பித்த உத்தரவு, பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதைத் தடைசெய்யச் சொன்னது. மறு ஆண்டே தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. பெற்றோரின் கண்ணீர் உண்மையானதுதான். அந்தக் கண்ணீருக்காக வயதுவந்த மகளின் மனத்தை வளைத்துத் தருவது ஆலோசகரின் வேலை ஆகாது.

புதுச்சேரிக்கு இந்த ரகசியக் காப்பு உயிர்ப் பிரச்சினை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், 2015இல் லட்சம் பேருக்கு 43.2 தற்கொலைகள், நாட்டிலேயே மிக அதிகம். அந்த ஆண்டின் தேசிய சராசரி 10.6. 2022இல் விகிதம் 29.7 ஆகக் குறைந்தும் சராசரியான 12.4ஐவிட இரண்டு மடங்குக்கு மேல். 'உயிரைக் காப்பாற்றத்தானே கேட்கிறோம்' என்பவர்களுக்குச் சொல்கிறேன்: உயிருக்கு ஆபத்து என்றால் ஆலோசகர் வாய் திறக்கலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அந்த ஆபத்தை அவர் அறிய வேண்டுமென்றால், அதற்கு முன் அந்த மனிதர் அவரை நம்பிப் பேசியிருக்க வேண்டும். வெளியே போய்விடும் என்று தெரிந்தால் யார் பேசுவார்? பேசத் தோன்றும் எவரும் பெயர் சொல்லாமலேயே அழைக்க 14416 என்ற டெலி மானஸ் எண் 2022 முதல் இருக்கிறது.

ஆலோசகர் முதல் நாளே எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும்போது சொல்லிவிட வேண்டும்: தனியாகப் பேசுவது தனியாகவே இருக்கும், உயிருக்கு ஆபத்து என்றாலோ சட்டம் கட்டாயப்படுத்தினாலோ மட்டும் சொல்வேன், அப்போதும் முதலில் பேசியவரிடம் சொல்லிவிட்டே சொல்வேன். இதைக் கேட்டுக் கோபித்துக்கொண்டு போகும் குடும்பம் உண்டு. போகட்டும் என்று அவர் நிற்க வேண்டும். அரசு செய்ய வேண்டியதும் உண்டு. வயதுவந்த எவரும் தன் நியமனப் பிரதிநிதியை ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து நியமிக்கலாம் என்கிறது 14ஆம் பிரிவு. அது கணவராக இருக்கலாம், பள்ளித் தோழியாகவும் இருக்கலாம். வில்லியனூரிலும் பாகூரிலும் மனநலச் சிகிச்சைக்கு வரும் ஒவ்வொருவருக்கும், புறநோயாளிச் சீட்டோடு அந்தத் தாளையும் கொடுத்து, குடும்பத்தினரை வெளியே உட்காரவைத்துவிட்டு நிரப்பச் சொல்ல வேண்டும்.