மரத்தில் 25 மாடி! மேற்பார்வை எங்கே?

மரத்தில் வீடு கட்டலாம். கொட்டகை போடலாம். 25 மாடி கட்ட முடியுமா?

கட்டிவிட்டார்கள்!

அமெரிக்காவில் மில்வாக்கி நகரில் அந்தக் கட்டிடம் நிற்கிறது. பெயர் 'அசென்ட்'. உயரம் 284 அடி. 2022-ல் திறந்தார்கள். கீழ் மாடிகள் கான்கிரீட். மேலே 19 மாடிகளில் தூண், உத்தரம், தளம் எல்லாமே மரம். லிப்டும் மாடிப்படியும் போகிற கூண்டு மட்டும் கான்கிரீட். 2019-ல் நார்வே நாடு 18 மாடி மரக் கோபுரம் கட்டி மார் தட்டியது. அதை அமெரிக்கா 4 அடி வித்தியாசத்தில் தோற்கடித்துவிட்டது!

காட்டில் வெட்டிய மரத்தை அப்படியே கொண்டுவந்து நடவில்லை. பலகைகளை ஒரு வரிசை நெட்டாக, அடுத்த வரிசை குறுக்காக அடுக்குகிறார்கள். நடுவிலே பசை. மேலே பலமான அழுத்தம். நம்ம ஊர் பிளைவுட்டுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். 1990-களில் ஆஸ்திரியாவும் ஜெர்மனியும் வளர்த்தெடுத்த வேலை இது.

4 தச்சர், 27 நாள்

பலகை தயாரானதும் எந்திரத்தின் ராஜ்யம் ஆரம்பம். கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுத்தால் போதும். ஜன்னலுக்கு ஓட்டை, குழாய்க்கு ஓட்டை, ஆணிக்கு ஓட்டை எல்லாவற்றையும் மயிரிழை பிசகாமல் எந்திரமே அறுத்துத் தள்ளுகிறது. சுவிட்சர்லாந்தில் ஒரு படி மேலே போனார்கள். 2019-ல் திறந்த ஒரு 3 மாடி வீட்டில், மேல் இரண்டு மாடிக்கான மரச்சட்டங்களை ரோபோக் கைகளே எடுத்துப் பொருத்தின.

பிறகு லாரியில் ஏற்று. கிரேனில் தூக்கு. போல்ட்டு முடுக்கு. அவ்வளவுதான்.

லண்டன் ஹாக்னி பகுதியில் 2009-ல் ஒரு 9 மாடிக் குடியிருப்பு வந்தது. அதில் 8 மாடி மரம். அந்த மர வேலையை முடித்தவர்கள் 4 தச்சர்கள். ஆன நாள் 27. கனடாவில் வான்கூவர் பல்கலைக்கழக மாணவர் விடுதி 18 மாடி. மரப்பகுதி 70 நாளுக்குள் எழும்பி நின்றுவிட்டது.

சிமெண்ட் உலகுக்கு இதில் ஒரு பாடமும் இருக்கிறது. உலகம் கக்குகிற கரியமில வாயுவில் 7 முதல் 8 சதவீதம் சிமெண்டால் வருவது. மரமோ வளரும்போது அந்த வாயுவை உள்ளே இழுத்து வைத்துக்கொள்கிறது. வெட்டிய இடத்தில் மறுபடி நட்டால் லாபம். நடாமல் விட்டால் காடும் போச்சு, கணக்கும் போச்சு.

தீப்பிடித்தால்?

எல்லாரும் கேட்கிற கேள்வி இது. நியாயமான கேள்வி.

கனமான மரம் குச்சி போல பற்றி எரியாது. வெளிப்பக்கம் கரியாகும். அந்தக் கரியே உள்ளே இருக்கிற மரத்துக்குக் கவசமாக நிற்கும். தீ உள்ளே இறங்குவது ஒரு நிமிஷத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு என்பது என்ஜினீயர்களின் கணக்கு. இரும்பு கூட 600 டிகிரி சூட்டில் பாதி பலத்தை இழந்து துவண்டுவிடும்.

ஆனால் ஒரு 'ஆனால்' இருக்கிறது. பசை நல்ல பசையாக இருக்க வேண்டும். சூட்டிலே பசை விட்டால் வெந்த பலகை உதிரும். உள்ளே இருக்கிற புது மரம் தீக்கு இரையாகும்.

லண்டன் கிரென்பெல் கட்டிடத் தீயில் 2017-ல் 72 பேர் மாண்டார்கள். அது மரக்கட்டிடம் அல்ல. வெளிச்சுவரில் ஒட்டிய மட்டமான தகடுதான் எமன். என்றாலும் இங்கிலாந்து 2018-ல் சட்டம் போட்டது. 18 மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியக்கூடிய எதுவுமே கூடாது என்றது. மரமும் அதில் மாட்டிக்கொண்டது.

பசை ஏமாற்றியது

2018 மார்ச். அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகக் கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு மாடியின் தளப்பலகை உரிந்து கீழ் மாடியில் விழுந்தது! யாருக்கும் காயம் இல்லை. அது அதிர்ஷ்டம்.

விசாரித்தார்கள். தொழிற்சாலையில் பலகையை முன்கூட்டியே சூடாக்கிவிட்டார்கள். அழுத்தம் கொடுக்கும் முன்பே பசை காய்ந்துவிட்டது. பார்வைக்கு எல்லாம் சரியாக இருந்தது. பிடிப்புத்தான் இல்லை! பல பலகைகளைக் கழற்றி மாற்ற வேண்டியதாயிற்று.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஆசாரி ஒருவர் கைதவறினால் ஒரு கதவு கெடும். எந்திரம் தவறினால் அதே தவறு நூறு பலகையில் ஏறிவிடும். எந்திரத்துக்கு அசதி கிடையாது. ஆனால் சந்தேகமும் கிடையாது. சந்தேகப்படுவது மனிதன் வேலை.

வேகத்தை நம்பி மட்டும் தொழில் நடத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. கட்டெரா என்ற அமெரிக்கக் கம்பெனி, கட்டிடத் தொழிலையே தலைகீழாக மாற்றுவதாகச் சொல்லிப் பல ஆயிரம் கோடி ரூபாய் முதலீடு திரட்டியது. 2019-ல் வாஷிங்டன் மாநிலத்தில் பிரமாண்டமான மரப்பலகை ஆலை திறந்தது. 2021 ஜூனில் திவால்! தெருவில் நின்றவர்கள் தொழிலாளிகள்.

கொத்தனார் கதி என்ன?

இதெல்லாம் எங்கோ நடக்கிற சங்கதி என்று இருந்துவிட முடியாது. சிங்கப்பூரில் 2023-ல் ஒரு பல்கலைக்கழகம் 6 மாடி மரக்கட்டிடம் திறந்தது. சிங்கப்பூர் கட்டிட வேலையை நம்பி விமானம் ஏறுகிற பிள்ளைகள் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் உண்டு. 4 பேர், 27 நாள் என்ற கணக்கு அவர்கள் வயிற்றிலும் கை வைக்கும்.

எந்திரத்தைத் தடுக்க முடியாது. தடுக்கவும் வேண்டாம். சாரத்திலிருந்து விழுந்து சாகிறவன் தொகை குறைந்தால் நல்லதுதானே? ஆனால் சாரத்தை விட்டு இறங்கியவனுக்கு எந்திரம் ஓட்டக் கற்றுக்கொடுக்க வேண்டும். அந்தச் செலவு, எந்திரத்தால் லாபம் பார்க்கிறவன் தலையில்தான் விழ வேண்டும்.

இன்னொன்று. மாதக்கணக்கில் நாள் மிச்சம் என்று பெருமை பேசுகிறார்கள். அந்த மிச்சத்தில் 10 நாளைச் சோதனைக்கு ஒதுக்கட்டும். பசையை ஆலைக்காரன் மட்டும் பார்த்தால் போதாது. ஆலைக்குச் சம்பந்தமில்லாத ஆள் வந்து பலகையை வெட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் ஒரு பலகையும் கிரேனில் ஏறக்கூடாது.

25-வது மாடியில் தொட்டிலில் தூங்குகிற குழந்தைக்குக் கம்ப்யூட்டர் ஜாமீன் நிற்காது. மனிதன்தான் நிற்க வேண்டும்!