முனை கழன்ற அம்பு யார் கையைக் குத்தும்?

'எய்தவன் இருக்க அம்பை நோவானேன்'னு பெரியவங்க சொல்லி வெச்சுட்டுப் போயிட்டாங்க. வில்வித்தை கிரவுண்டுக்குப் புதுசா வர்ற ஸ்டூடண்ட்ஸ் அதை அப்படியே நம்பி, குறி தப்பினா தன் தோளைத் திட்டுறாங்க, கண்ணைத் திட்டுறாங்க, காலையில யார் முகத்துல முழிச்சோம்னு யோசிக்கிறாங்க. அம்பை மட்டும் சந்தேகப்படுறதே இல்லை. இந்த வாரம் ஒரு சேஞ்சுக்கு அம்பை நொந்துக்கலாம் பாஸ். குறிப்பா, அதோட மூக்குக்குள்ள ஒளிஞ்சிருக்கிற ஒரு குட்டி உலோகத் துண்டை. பேரு, இன்சர்ட்.

2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுல ஜோதி சுரேகாவும் ஓஜஸ் தேவ்தலேவும் காம்பவுண்ட் வில்லுல ஆளுக்கு 3 தங்கம் அள்ளினாங்க. 2024 பாரிஸ் பாராலிம்பிக்ல ஹர்விந்தர் சிங் தங்கம் அடிச்சார். காலால வில் பிடிக்கிற ஷீத்தல் தேவி வெண்கலத்தோட திரும்பினாங்க. இதையெல்லாம் டி.வி-யில பார்த்துட்டு, 'நாமளும் ஒரு வில்லைத் தூக்கினா என்ன?'ன்னு கிளம்பினவங்க உங்க காலேஜ்லயும் ரெண்டு பேராவது இருப்பாங்க. 'பாகுபலி 2'ல பிரபாஸ், அனுஷ்காவுக்கு ஒரே நேரத்துல மூணு அம்பு விடக் கத்துக் கொடுப்பாரே... தியேட்டரே விசில் அடிச்சது. அந்த அம்புக்கெல்லாம் முனை ஒட்டின புண்ணியவான் யாருன்னு யாராவது கேட்டோமா?

சரி, மேட்டருக்கு வருவோம். இன்னிக்கு கிளப்ல புழங்குற கார்பன், அலுமினிய அம்பு எல்லாமே உள்ளே கூடான குழாய்தான். அந்தக் குழாயோட முன்வாய்ல, உள்பக்கம் மரை வெட்டின ஒரு சின்ன உலோகக் குப்பியைச் செருகிப் பசை போட்டு ஒட்டுவாங்க. அதுதான் இன்சர்ட். கூர்முனையை அதுல திருகிக்கணும். சில டார்கெட் அம்புகள்ல இன்சர்ட்டே கிடையாது. முனையோட தண்டையே நேரா குழாய்க்குள்ள ஒட்டிடுவாங்க. ரெண்டுக்கும் ஒட்டுற வேலை ஒண்ணுதான்.

ஒழுங்கா ஒட்டலைன்னா என்ன ஆகும்? முதல்ல சின்ன நஷ்டம். அம்பு இலக்குல 'சதக்'னு குத்தும். பெருமையா போய் இழுப்பீங்க. அம்பு வெறும் வாயோட வரும், முனை இலக்குக்குள்ளேயே தங்கிடும். 'ஙே'ன்னு முழிப்பீங்க. அதே இடத்துல அடுத்தவர் விடுற அம்பு அந்த இரும்புல மோதினா, அதுவும் காலி. இன்சர்ட் கோணலா உட்கார்ந்திருந்தா வேற பிரச்னை. ஒவ்வொரு அம்பும் ஒவ்வொரு மாதிரி ஆடிக்கிட்டே போகும், நீங்க உங்க ரிலீஸைத் திருத்திக்கிட்டே இருப்பீங்க.

சீரியஸான விஷயம் இனிமேதான். இன்சர்ட் லூஸா இருந்தா, மோதுற அடியைக் குழாயோட விளிம்பு வாங்கும். கார்பன் நார் நாரா பிரியும், நீளவாக்குல விரிசல் ஓடும். பல சமயம் அது கண்ணுக்கே தெரியாது. அந்த அம்பைத் திரும்ப நாண்ல பூட்டி விடும்போது, பின்னாடி நாண் தள்ள, முன்னாடி முனை கனக்க, நடுவுல குழாய் வளையும். நல்ல அம்பும் வளையும், ஆனா உடனே நிமிரும். விரிசல் விட்ட அம்பு உடையும். உடைஞ்ச சிம்பு போய்க் குத்துறது வில் பிடிச்சிருக்கிற கையில. கார்பன் சிம்பு முடி மாதிரி மெல்லிசு, சதைக்குள்ள போனா தேடி எடுக்கிறதே பெரும்பாடு. கார்பன் அம்பு தயாரிக்கிற கம்பெனிகளே இதை எச்சரிக்கையா போடுறாங்க. அதோட, கிளப் அம்பு பொதுச் சொத்து. இன்னிக்கு நீங்க ஏனோதானோன்னு ஒட்டினதை நாளைக்கு ஒரு ஃபர்ஸ்ட் இயர் தம்பி எடுத்துப் பூட்டுவான். அவனுக்கு எதுவும் தெரியாது.

பசையைத் தொடுறதுக்கு முன்னாடி நீளத்தை முடிவு பண்ணுங்க. ஆர்வக் கோளாறுல முதல் வாரமே 'சரியான அளவு'க்கு அம்பை வெட்டக் கூடாது. முதல் சில மாசம் உங்க தோள் நிக்கிற விதம் மாறும், நாணை இழுக்கிற தூரமும் கூடும். அம்பு குட்டையா இருந்தா முழுசா இழுக்கும்போது முனை வில்லைத் தாண்டி உள்ளே வந்து கைமேல விழும். அதனால ஆரம்பத்துல ஒண்ணு ரெண்டு இன்ச் கூடுதலா விடச் சொல்வாங்க கோச்சுங்க. கேளுங்க. ஸ்டைலா இல்லைன்னு ஃபீல் பண்ணாதீங்க.

வெட்டுறதை ரம்பத்தால முயற்சி பண்ணவே கூடாது. பைப் கட்டரும் ஆகாது, கார்பனை நசுக்கிடும். வேகமா சுத்துற உராய்வுச் சக்கரம் வெச்ச கட்டர்தான் சரி. அது கிளப்லயோ வில் விக்கிற கடையிலயோ இருக்கும், வெட்டிக் கொடுத்துடுவாங்க. நீங்க பக்கத்துல நின்னா மாஸ்க் போட்டுக்குங்க. கார்பன் தூள் நுரையீரலுக்கு நல்லதில்லை.

வெட்டின வாய் நேரா இருக்கான்னு பார்க்க ஒரு சூப்பர் டெக்னிக். விளிம்பு முழுக்க மார்க்கர் பேனாவால மை தடவுங்க. அம்பைச் சமப்படுத்துற கருவியில வெச்சு, உப்புத்தாள் மேல மெதுவா உருட்டுங்க. மேடான இடத்துல மட்டும் மை அழியும். சுத்திலும் ஒரே மாதிரி அழிஞ்சா வாய் சமமாச்சுன்னு அர்த்தம். ரெண்டு நிமிஷ வேலை. ஆனா இதைச் செய்யாம ஒட்டினா, இன்சர்ட்டோட விளிம்பு ஒரு பக்கம் மட்டும்தான் குழாய்ல உட்காரும்.

அடுத்து, பசை இல்லாம செருகிப் பாருங்க. அம்புக்கு அம்பு உள்விட்டம் வேற. 6.2 மி.மீ., 5.2 மி.மீ., 4.2 மி.மீ. எல்லாம் புழக்கத்துல இருக்கு. விரலால அழுத்தினா வழுக்கிக்கிட்டு உள்ளே போகணும். சுத்தியலைத் தேடினா அது உங்க அம்புக்கான இன்சர்ட் இல்லை. தானா விழுந்தாலும் இல்லை. இடைவெளியைப் பசையால ரொப்பிடலாம்னு நினைக்கிறவங்க, ப்ளீஸ், வேண்டாம்.

இப்போ எல்லாரும் ஸ்கிப் பண்ற அத்தியாயம், சுத்தம். குழாய்க்குள்ள கார்பன் தூள் இருக்கும், இன்சர்ட் மேல எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். ரெண்டும் இருக்கிற வரைக்கும் உலகத்துலேயே விலை கூடின பசையும் தூள் மேலதான் ஒட்டும், அம்புல ஒட்டாது. மெடிக்கல் ஷாப்ல ஐசோப்ரோபைல் ஆல்கஹால் கிடைக்கும், தண்ணி கம்மியா கலந்ததா பார்த்து வாங்குங்க. காது குடையுற பஞ்சுக் குச்சியை அதுல நனைச்சு உள்ளே விட்டுத் திருப்புங்க. கறுப்பா வரும். இன்னொண்ணு. அதுவும் கறுப்பு. குச்சி வெள்ளையா வர்ற வரைக்கும் விடாதீங்க. இன்சர்ட்டையும் துடைங்க. அது வழவழன்னு இருந்தா உப்புத்தாளால லேசா ஒரு தேய் தேய்ச்சுட்டுத் துடைங்க. அப்புறம் விரல் படக் கூடாது. எண்ணெய் வெச்ச தலையைக் கோதிட்டு வந்து தொட்டா மறுபடி முதல்லேருந்து. நெயில் பாலிஷ் எடுக்கிற அசிட்டோனைக் கார்பன் மேல ஊத்தாதீங்க. அது நார்களைப் பிடிச்சிருக்கிற பிசினையே பதம் பார்க்கலாம்.

எந்தப் பசை? கேண்டீன்ல பெரிய பட்டிமன்றமே நடக்கும். பெட்டிக்கடையில கிடைக்கிற உடனடிப் பசை வேகமா பிடிக்கும், ஆனா அடி வாங்கினா பிஸ்கட் மாதிரி நொறுங்கும் சுபாவம் உண்டு. தவிர, பாதி தூரம் போனதும் இன்சர்ட் பிடிச்சுக்கிட்டா, அது அங்கேயேதான் வாழும். ரெண்டு ட்யூப் கலக்குற எபாக்ஸி, அதாவது உங்க அப்பாவோட டூல்ஸ் டப்பாவுல இருக்குமே அரால்டைட் மாதிரி, அது செம ஸ்ட்ராங். ஆனா மெதுவா இறுகுற வகைன்னா முழு பலம் வர ஒரு நாளாவது விடணும். ஒருவழிப் பாதை வேற. நாளைக்கு நீளம் குறைக்கணும், முனை எடையை மாத்தணும்னா இன்சர்ட்டை அவ்வளவு சுலபமா எடுக்க முடியாது.

என் ஓட்டு, வில்வித்தைக்குன்னே விக்கிற குறைந்த சூட்டு ஹாட்-மெல்ட் குச்சிக்கு. ஆரம்பத்துல எல்லாமே மாறப் போகுது, அப்போ கழட்டி மாட்டக் கூடிய பசைதானே புத்திசாலித்தனம்? கொதிநீர்ல முனையை அமிழ்த்தி, பிளையரால திருகி இழுத்தா வந்துடும். ஸ்டேஷனரி கடையில கிராஃப்ட் வேலைக்கு விக்கிற குளூ-கன் குச்சி வேற ஜாதி. ரப்பர் மாதிரி இருக்கும், முனை அதுல நிக்காது.

ஒட்டும்போது முதல் விதி: தீ, கார்பன் பக்கமே போகக் கூடாது. இன்சர்ட்ல ஒரு முனையைத் திருகிக்குங்க, பிடிக்க வசதி. மரைக்குள்ள பசை போகாம காப்பாத்தவும் அதுதான். முனையைப் பிளையரால பிடிச்சு, இன்சர்ட்டைச் சுடர்ல லேசா காட்டுங்க. பசைக் குச்சியைத் தொட்டா உருகுற அளவு போதும். சுத்திலும் மெல்லிசா பூசுங்க. அம்போட பின்பக்கம் நாக் மாட்டியிருந்தா முன்னாடியே கழட்டிடுங்க. இல்லைன்னா உள்ளே மாட்டின காத்து இன்சர்ட்டை மறுபடி வெளியே தள்ளும். இப்போ இன்சர்ட்டைத் திருகிக்கிட்டே உள்ளே விடுங்க. திருகினாத்தான் பசை சுத்திலும் பரவும். விளிம்பு குழாய்ல உட்கார்ந்ததும் அழுத்திப் பிடிச்சு, பிதுங்கினதைத் துடைச்சு, முனையைப் பச்சைத் தண்ணியில ஒரு முக்கு. வேலை முடிஞ்சது. குழாய் உங்க விரலுக்குச் சுட்டா கார்பனுக்கும் சுடுதுன்னு அர்த்தம், நிறுத்திடுங்க. ஹாஸ்டல்வாசிகள் மெழுகுவத்தி ஏத்துறதுக்கு முன்னாடி வார்டன் ரவுண்ட்ஸ் டைமைப் பார்த்துக்கறது உங்க பொறுப்பு. பேசாம கிளப்லேயே ஒட்டிடுங்க!

எபாக்ஸின்னா இதே கதைதான், தீ மட்டும் இல்லை. ஒட்டினதும் அம்பை முனை கீழே இருக்கிற மாதிரி நிக்க வையுங்க. படுக்க வெச்சா பசை ஒரு பக்கமா ஒதுங்கும், தலைகீழா வெச்சா குழாய்க்குள்ள வழியும்.

ரொம்பப் பூசினா பலம் கூடும்னு ஒரு நம்பிக்கை உண்டு. கூடாது, எடைதான் கூடும். முனை எடையை கிரெய்ன் கணக்குல சொல்வாங்க. ஒரு கிரெய்ன் 0.065 கிராம். 120 கிரெய்ன் முனைன்னா ஒரு பவுனுக்குக் கொஞ்சம் கம்மி. இந்த லெவல்ல ஒரு சொட்டுப் பசைக்கும் கணக்கு உண்டு. ஆறு அம்புல ரெண்டுக்கு மட்டும் அள்ளிப் பூசினா அந்த ரெண்டும் தனி ரூட்ல போகும். தெரிஞ்ச நகைக்கடைக்காரர் இருந்தா தராசுல ஆறையும் போட்டுப் பாருங்க. டீ வாங்கிக் கொடுத்தா மறுக்க மாட்டார்.

காய்ஞ்சதும் அம்பைச் சுழல விட்டுப் பாருங்க. முனையை உள்ளங்கையில வெச்சு, குழாயை ரெண்டு நகத்து மேல சாய்ச்சு, பம்பரம் மாதிரி ஒரு சுண்டு. நேரா இருந்தா சத்தமில்லாம சுத்தும். கோணல்னா உள்ளங்கையில குறுகுறுன்னு அதிர்வு தெரியும். ஹாட்-மெல்ட்டா இருந்தா லேசா சூடாக்கி, இன்சர்ட்டைக் கால் சுத்து திருப்பி மறுபடி பாருங்க. பாதிக் கேஸ் அதுலயே சரியாகிடும்.

மே மாசத்து வெயில்ல நிறுத்தின காருக்குள்ள அம்புப் பெட்டியை மறந்துடாதீங்க. ஹாட்-மெல்ட் இளகலாம். ஒவ்வொரு ரவுண்டு முடிஞ்சு இழுக்கும்போதும் முனையை விரலால ஒரு தடவை இறுக்குங்க, திருகுற முனை தானாவே தளரும் சுபாவம். அதோட, நாண்ல பூட்டுறதுக்கு முன்னாடி அம்போட ரெண்டு முனையையும் பிடிச்சு, முகத்துக்கு விலக்கி, லேசா வளைச்சு, காது கொடுங்க. திருப்பித் திருப்பி நாலு பக்கமும் வளைங்க. 'க்ரிக்'னு ஒரு சின்ன சத்தம் கேட்டாலும் அந்த அம்பை அங்கேயே ரெண்டா உடைச்சுக் குப்பையில போடுங்க. சும்மா ஓரமா வெச்சா அந்த ஃபர்ஸ்ட் இயர் தம்பி எடுத்துடுவான்.

அடுத்த வாரம் அம்போட வால் பக்கம் போவோம். இறகு ஒட்டுறதுல இருக்கு பெரிய பஞ்சாயத்து!