பாட்டுக்கும் ராசிபலனா?

ஜோசியமானது இதுவரை கலியாணத்திலும், கருமாதியிலும், கிணறு வெட்டுவதிலும், கடை திறப்பதிலும் புகுந்துகொண்டு மக்களைப் படுத்தியது போதாதென்று, இப்போது மக்கள் கேட்கும் பாட்டிலும் புகுந்துவிட்டது. மேஷ ராசிக்காரன் காது கிழியும்படியான பாட்டு விழாவுக்குப் போகவேண்டுமாம். மீன ராசிக்காரனுக்கு 1960-களின் மயக்கப் பாட்டுத்தான் பொருத்தமாம். மகர ராசிக்காரன் பழங்காலத்து ஜாஸ் கேட்கப் பிறந்தவனாம். மேல்நாட்டுப் பத்திரிகைகளிலும் கைப்பேசிகளிலும் இப்படிப்பட்ட பட்டியல்கள் மலிந்து கிடக்கின்றன. 2019-ல் ஸ்பாட்டிஃபை என்னும் பாட்டுக் கம்பெனி ஒரு ஜோசியரைக் கூட்டு வைத்துக்கொண்டு 12 ராசிக்கும் 12 பாட்டுப் பட்டியல்களையே வெளியிட்டது. இங்கிலீஷ் படித்த நம் வாலிபர்களும் இவற்றைப் பார்த்து, "நான் இன்ன ராசி, ஆகையால் எனக்கு இன்ன காலத்துப் பாட்டு" என்று பெருமையாகப் பேசிக்கொள்கின்றார்கள்.

"இது வெறும் விளையாட்டுத்தானே, இதில் உங்களுக்கென்ன நஷ்டம்?" என்று சிலர் கேட்கக்கூடும். யார் எந்தப் பாட்டைக் கேட்டாலும் நமக்கு ஆக்ஷேபணை கிடையாது. ஆனால் ஒரு மனிதனுக்கு எது பிடிக்கும் என்பதை அவன் பிறந்த தேதி தீர்மானிக்கின்றது என்று சொல்வது விளையாட்டா, அல்லது வேறொரு பெரிய புரட்டுக்குப் போட்ட அஸ்திவாரமா என்பதைத்தான் நாம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, ராசி என்று சொல்லுகிறார்களே, அது யாருடைய ராசி? மேல்நாட்டார் ஒருவன் பிறந்தபோது சூரியன் நின்ற இடத்தை ராசி என்கின்றார்கள். நம் ஜோசியர்களோ சந்திரன் நின்ற இடத்தை ராசி என்கின்றார்கள். சூரியனை மட்டும் எடுத்துக்கொண்டாலும் கணக்கு ஒத்துவருகின்றதா? அவர்களுக்கு மேஷம் மார்ச்சு 21 வாக்கில் பிறக்கின்றது. நமக்கோ சித்திரை முதல் தேதி, அதாவது ஏப்ரல் 14 வாக்கில் பிறக்கின்றது. பூமியானது பம்பரம் தலையாட்டுவது போல் சுமார் 26,000 ஆண்டுகளுக்கு ஒரு சுற்றுத் தலையாட்டுவதால் இந்த வித்தியாசம் ஏற்பட்டு, இன்றைக்கு ஏறக்குறைய 24 பாகை ஆகிவிட்டது. சித்தார் வித்துவான் ரவிசங்கர் 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி பிறந்தவர். மேல்நாட்டுப் புஸ்தகப்படி அவர் மேஷம். நம் பஞ்சாங்கத்தின் சூரியக் கணக்குப்படி பங்குனியில் பிறந்த மீனம். ஆகவே அவர் காது கிழியும் பாட்டுக்காரரா, மயக்கப் பாட்டுக்காரரா? இரண்டு ஜோசியர்களும் முதலில் தங்களுக்குள் பஞ்சாயத்துப் பேசி ஒரு முடிவுக்கு வந்துவிட்டு, பிறகு நம்மிடம் வரட்டும்.

நிற்க, ராசியையும் பாட்டையும் முடிச்சுப் போட்டதில் பேர் பெற்றது 1969-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவில் நடந்த வுட்ஸ்டாக் விழா. அதன் விளம்பரத்திலேயே "கும்ப ராசிக் கண்காட்சி" என்று அச்சிட்டிருந்தார்கள். கும்ப யுகம் பிறக்கப்போகின்றது, அதில் சண்டை ஒழிந்து சமாதானமும் அன்பும் தழைக்கும் என்ற பேச்சு அப்போது அடிபட்டது. அந்த யுகத்தைப் பற்றிய ஒரு பாட்டும் அதே ஆண்டு அந்நாட்டில் முதலிடத்தில் இருந்தது. விழாவில் மேற்படி ரவிசங்கரும் வாசித்தார். நம் கோயம்புத்தூரையடுத்த செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தர் முதல் நாளே மேடையேறி உபதேசம் செய்தார். சுமார் 4 லட்சம் மக்கள் கூடினார்கள். உள்ளே விடப் பணம் கேட்கப்படவில்லை. சோறு பற்றாமல் போனபோது அக்கம்பக்கத்துக் கிராமத்தார் கொடுத்து உதவினார்கள். இவையெல்லாம் கும்ப ராசியின் மகிமை என்றே இன்றும் பலர் எழுதி வருகின்றார்கள்.

ஆனால் பணம் ஏன் கேட்கப்படவில்லை? விழா நடத்தியவர்கள் டிக்கட் விற்கவே வந்தவர்கள். முன்கூட்டியே லட்சத்துக்கு மேல் விற்றும் இருந்தார்கள். முதலில் பார்த்திருந்த வால்கில் என்னும் ஊர், விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது அனுமதி மறுத்துவிட்டது. பிறகு பெத்தல் என்னும் ஊரில் மாக்ஸ் யாஸ்கர் என்ற பால்பண்ணைக்காரர் நிலம் கொடுத்தார். இருந்த சில வாரத்தில் மேடையைக் கட்டுவதா, வேலியைப் போடுவதா என்ற நிலைமை வந்தது. மேடை கட்டப்பட்டது, வேலி முடியவில்லை, ஜனங்கள் உள்ளே புகுந்துவிட்டார்கள். முடியாத வேலி செய்த வேலைக்குக் கும்ப ராசிக்கு மாலை போடுவது என்ன நியாயம்? சோறு கொடுத்த கிராமத்தாரின் நல்ல குணத்தை ஒரு நட்சத்திரக் கூட்டத்தின் கணக்கில் எழுதுவது அந்த மனிதர்களுக்குச் செய்யும் அவமரியாதை அல்லவா?

அன்றியும், அந்தக் கும்ப யுகம் எப்போது பிறக்கின்றது என்பதில் ஜோசியர்களுக்குள்ளேயே பல நூறு வருஷ வித்தியாசம் இருக்கின்றது. வான சாஸ்திரிகள் நட்சத்திரக் கூட்டங்களுக்கு வகுத்திருக்கும் எல்லைப்படி பார்த்தால், வசந்த விஷுவத்தில் சூரியன் நிற்கும் இடம் கும்பத்துக்குள் நுழைய கி.பி. 2600 வாக்கில் ஆகும். பிள்ளை பிறக்க அறுநூறு வருஷம் இருக்கும்போதே பெயர்சூட்டு விழாவை நடத்திவிட்டார்கள்!

சரி, கும்ப யுகம் பிறந்துவிட்டதென்றே வைத்துக்கொள்வோம். அதே 1969-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ந் தேதி கலிபோர்னியாவில் ஆல்டமாண்ட் என்னுமிடத்தில் இதே மாதிரி ஒரு பெரிய விழா இலவசமாகவே நடந்தது. அங்கே மேடைக்கு எதிரிலேயே 18 வயதுள்ள ஒரு கறுப்பு வாலிபன் கத்தியால் குத்தப்பட்டுச் செத்தான். ராசி அதேதான், யுகம் அதேதான். நான்கு மாதந்தான் வித்தியாசம். மாறியது என்ன? கடைசி நேரத்தில் இடம் மாற்றியதும், மேடையைத் தாழ்வாகப் போட்டதும், காவலை மோட்டார் சைக்கிள் முரட்டுக் கும்பலிடம் விட்டதுந்தான். நல்லதற்கும் கெட்டதற்கும் காரணம் மேலே வானத்தில் இல்லை, கீழே மனிதர்கள் செய்த ஏற்பாட்டில் இருக்கின்றது என்பதற்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

இனி ஆளுக்கும் ராசிக்கும் உள்ள பொருத்தத்தைப் பார்ப்போம். வுட்ஸ்டாக்கில் பாடிய பெண்களில் இருவர் ஜோன் பேஸ், ஜானிஸ் ஜாப்லின். முன்னவர் 1941 ஜனவரி 9-லும், பின்னவர் 1943 ஜனவரி 19-லும் பிறந்தவர்கள். மேல்நாட்டுக் கணக்குப்படி இருவரும் மகரம். ஒருவர் கையில் கிதாரை வைத்துக்கொண்டு யுத்தத்துக்கும் நிற பேதத்துக்கும் எதிராகத் தெளிந்த குரலில் பாடியவர். மற்றவர் தொண்டை கரகரக்க, வாத்தியக்காரர்கள் புடைசூழ, கறுப்பு மக்களின் சோகப் பாட்டு வழியில் கதறிப் பாடியவர். ஒரே ராசி, ஒரே தேசம், ஒரே மேடை, பாட்டோ வெவ்வேறு. பாடுகிறவர்களுக்கே ராசி ஒரு பாட்டை ஒதுக்கிக் கொடுக்கவில்லையென்றால், கேட்கிறவனுக்கு மாத்திரம் எப்படி ஒதுக்கும்? உலகத்தில் சுமார் 800 கோடி மக்கள் இருக்கின்றார்கள். 12 பங்கு போட்டால் ராசிக்கு 66 கோடிக்கு மேல் ஆகின்றது. இத்தனை கோடிப் பேருக்கும் ஒரே காதா?

"ஆனால் எனக்குச் சொன்னது அப்படியே சரியாயிருந்ததே!" என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கின்றது. 1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற மனோதத்துவ ஆசிரியர் தம் மாணவர்கள் 39 பேருக்கு, "இது உன் குணத்தைத் தனியாக ஆராய்ந்து எழுதியது" என்று சொல்லி ஆளுக்கொரு காகிதம் கொடுத்தார். 5-க்கு எவ்வளவு சரி என்று மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. பிறகு பார்த்தால் எல்லாக் காகிதத்திலும் ஒரே வாசகம்! அதிலும் பெரும் பகுதி கடையில் விற்கும் ஜோசியப் புஸ்தகத்திலிருந்து எடுத்தது. எல்லாருக்கும் பொருந்துகிற சட்டையைத் தைத்து, "உன் அளவுக்கே தைத்தேன்" என்றால் போட்டுக்கொள்பவன் மகிழத்தான் செய்வான். ஜோசியர்களுக்கும் 1985-ல் பரீட்சை வைத்தார்கள். ஷான் கார்ல்சன் என்பவர், ஜோசியர்களே சம்மதித்த முறையில், ஒரு ஜாதகத்தையும் மூன்று பேருடைய குணக்குறிப்புகளையும் கொடுத்து உரியதைப் பொறுக்கச் சொன்னார். பாதியாவது சரியாகச் சொல்வோம் என்றவர்கள் மூன்றில் ஒரு பங்குதான் சரியாகச் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் அவ்வளவுதானே வரும்?

அப்படியானால் காலத்துக்குக் காலம் பாட்டு மாறுவது எதனால் என்றால், கருவியும் காசும் மக்கள் வாழ்க்கையும் மாறுவதனால்தான். நம் நாடகமேடையில் கடைசி வரிசைக்காரனுக்கும் கேட்க வேண்டுமென்று ஐந்து கட்டைச் சுருதியில் தொண்டை கிழியப் பாடினார்கள். ஒலிபெருக்கி வந்தது, மெல்லப் பாடினாலும் கேட்டது, பாட்டின் ஜாதியே மாறிற்று. அமெரிக்காவில் 1948-ல் நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டு வந்தது, பின்னர் சட்டைப் பையில் அடங்கும் ரேடியோவும் வந்தது. வியட்நாம் யுத்தத்துக்கு வாலிபர்களைக் கட்டாயமாக இழுத்தார்கள். அந்த ஆத்திரம் பாட்டாயிற்று. இதில் எந்தக் கிரகம் எங்கே நின்றது?

நம் சென்னை மார்கழிக் கச்சேரிகளையே பாருங்கள். சூரியன் தனுசில் இருக்கும் மார்கழி கலியாணத்துக்கு ஆகாத மாதமென்கிறது பஞ்சாங்கம். அப்படியிருக்கக் கச்சேரிக்கு மட்டும் அது ஆகிவந்தது எப்படி? 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் கூடியது. அதையொட்டி ஒரு சங்கீத மகாநாடும் கூடியது. அதிலிருந்து 1928-ல் மியூசிக் அகாடமி பிறந்தது. டிசம்பர்க் கச்சேரிகளும் அந்த வழியில் வளர்ந்தன. கூட்டம் நடத்த வசதியான மாதம் சங்கீத மாதம் ஆயிற்றேயொழிய, தனுசு ராசி வந்து தம்பூரா மீட்டவில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். நம் ஜோசிய சாஸ்திரத்தில் 12 ராசிக்கும் வருணம் வகுத்து வைத்திருக்கின்றார்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? கடகம், விருச்சிகம், மீனம் பிராமணனாம். மேஷம், சிம்மம், தனுசு க்ஷத்திரியனாம். ரிஷபம், கன்னி, மகரம் வைசியனாம். மிதுனம், துலாம், கும்பம் சூத்திரனாம்! கலியாணப் பொருத்தம் பார்க்கையில் பெண்ணின் வருணம் மாப்பிள்ளையினுடையதை விட உயர்ந்திருக்கக் கூடாதாம். மேல்நாட்டு வாலிபர்கள் விடுதலை யுகமென்று கொண்டாடிய அதே கும்பத்தை நம்மவர்கள் சூத்திர ராசி என்று ஒதுக்கி வைத்திருக்கின்றார்கள். மனிதனைப் பூமியில் நாலு ஜாதியாகப் பிரித்தது போதாதென்று வானத்தையும் பிரித்து வைத்த கெட்டிக்காரர்களை என்னென்பது!

விளையாட்டு என்பவர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். "நான் மீனம், எனக்கு இந்தப் பாட்டு" என்று இன்று சிரித்துக்கொண்டே சொல்லும் வாலிபன், நாளைக்கு, "அவள் மூலம், மாமனாருக்கு ஆகாது, இவள் ஆயில்யம், மாமியாருக்கு ஆகாது" என்று தன் தகப்பனார் சொல்லும்போது எந்த வாயால் மறுப்பான்? பிறந்த நேரம் ருசியைத் தீர்மானிக்கும் என்று ஒப்புக்கொண்டவன், பிறந்த நேரம் யோக்கியதையைத் தீர்மானிக்கும் என்பதையும், பிறந்த வயிறு உயர்வு தாழ்வைத் தீர்மானிக்கும் என்பதையும் எப்படி எதிர்க்க முடியும்? இந்த நட்சத்திரப் பேச்சால் நல்ல படிப்பும் குணமுமுள்ள எத்தனை பெண்கள் வீட்டு மூலையில் வாடுகின்றார்கள்! அவர்களுக்கு இது விளையாட்டல்ல.

இதில் லாபமடைகிறவன் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். 1930-ல் லண்டன் சண்டே எக்ஸ்பிரஸ் பத்திரிகை, புதிதாகப் பிறந்த ராஜகுமாரி மார்கரெட்டுக்கு நெய்லர் என்பவரைக் கொண்டு பலன் எழுதுவித்தது. வாசகர்கள் விரும்பவே, அதிலிருந்து பத்திரிகை ராசிபலன் வளர்ந்தது. பிறந்த நேரமும் ஊரும் கேட்டால் பத்திரிகையில் இடம் கொள்ளாது. தேதியை மட்டும் வைத்து 12 பத்தியில் உலகத்தையே முடித்துவிடலாம். இன்றைக்குப் பாட்டு விற்பவனுக்கும் அதே சௌகரியம். சரக்கு ஒன்றுதான், 12 சீட்டு ஒட்டி விற்கின்றான்.

ஆகவே தோழர்களே! பாட்டைக் கேளுங்கள். பறையைக் கேளுங்கள், நாதஸ்வரத்தைக் கேளுங்கள், அமெரிக்கக் கிதாரையும் கேளுங்கள். பிடித்தால் தலையாட்டுங்கள், பிடிக்காவிட்டால் எழுந்து போங்கள். அதற்கு வேண்டியது இரண்டு காதும் கொஞ்சம் புத்தியுமே. உங்கள் ராசி என்னவென்று யாராவது கேட்டால், "எனக்குக் காது இருக்கின்றது" என்று பதில் சொல்லுங்கள். அதுவே போதும்.