பூட்டும் முன் அடக்குவோம்

எர்பியம் ஃபைபர் அதிர்வெண் சீப்பு, பொத்தானை அழுத்திவிட்டு வாரக்கணக்கில் ஓடவிடும் கருவியாக மாறிவிட்டது. வசதி கூடியதும் ஒரு பழக்கமும் கூடவே ஒட்டிக்கொண்டது. பீட் சிக்னலில் இரைச்சல் தென்பட்டால் சர்வோவின் கெயினைக் கூட்டுகிறோம். கோடு ஒடுங்கியதும் வேலை முடிந்ததாக எண்ணிக்கொள்கிறோம். இரைச்சலைப் பிறக்கும் இடத்திலேயே அடக்காமல் பூட்டினால் அது இடம் மாறுமே தவிர ஒழியாது.

சீப்பின் எந்தப் பல்லுக்கும் கணக்கு ஒன்றுதான்: துடிப்பு வீதத்தைப் பல்லின் வரிசை எண்ணால் பெருக்கி, விலகல் அதிர்வெண்ணைக் கூட்ட வேண்டும். வினையே அந்தப் பெருக்கலில்தான். துடிப்பு வீதம் 250 மெகாஹெர்ட்ஸ் என்றால், 1550 நானோமீட்டரில் நிற்கும் பல்லின் வரிசை எண் ஏறத்தாழ 7.7 லட்சம். துடிப்பு வீதம் 1 மில்லிஹெர்ட்ஸ் நகர்ந்தால் அந்தப் பல் சுமார் 770 ஹெர்ட்ஸ் நகரும். கட்ட இரைச்சலில் இது கிட்டத்தட்ட 118 டெசிபெல் ஏற்றம். இந்த லேசரின் வளையம் சுமார் 80 சென்டிமீட்டர் கண்ணாடி இழைதான். அதன் வெப்பநிலை ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு மாறினாலே 1550 நானோமீட்டர் பல் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு மேல் விலகிவிடும்.

எல்லா இரைச்சலும் எல்லாப் பற்களையும் ஒரே மாதிரி அசைப்பதில்லை. சீப்பை ஓரிடத்தில் ஆணி அடித்து இழுக்கும் ரப்பர் நாடாவாகப் பாருங்கள். ஆணி எங்கே விழுகிறது என்பது இரைச்சலின் மூலத்தைப் பொறுத்தது. வளையத்தின் நீளம் மாறும்போது நிலைப்புள்ளி சுழி அதிர்வெண்ணுக்கு அருகில் இருக்கும். அசைவு முழுவதும் ஒளிப் பற்களில் தெரியும். பம்ப் ஒளியின் தீவிரம் ஆடும்போது நிலைப்புள்ளி ஊர்தி அதிர்வெண்ணுக்கு அருகில் விழும். 1550 நானோமீட்டரில் ஒன்றும் நடக்காதது போலிருக்க, விலகல் அதிர்வெண் மட்டும் தாறுமாறாக ஆடும். தொடக்க கால ஃபைபர் சீப்புகளின் விலகல் பீட் நூற்றுக்கணக்கான கிலோஹெர்ட்ஸ் அகன்று கிடந்ததற்குப் பெரும் காரணம் இதுதான். கண்ணாடி இழையின் இயல்பே அப்படி என்று அன்று பலரும் கைவிரித்தார்கள். 2006-ல் அமெரிக்காவின் போல்டர் நகரில் உள்ள என்ஐஎஸ்டி ஆய்வகத்தில் மெக்ஃபெர்ரன், ஸ்வான், வாஷ்பர்ன், நியூபரி ஆகியோர் அதைப் பொய்யாக்கினார்கள். பம்ப் டையோடின் இரைச்சலைக் குறைத்து, பின்னூட்டத்தின் வேகத்தையும் கூட்டியதும் பீட் ஒடுங்கியது.

அந்தப் பாடம் இன்றும் செலவில்லாத வைத்தியம். பம்ப் டையோடைத் திரெஷோல்டை ஒட்டி ஓட்டாதீர்கள். உயர்ந்த மின்னோட்டத்தில் ஓட்டி, வெளியே வரும் ஒளியை அட்டெனுவேட்டர் வைத்துக் குறையுங்கள். சார்பு இரைச்சல் சட்டென இறங்கும். வளையத்தின் மொத்த டிஸ்பெர்ஷனைச் சுழிக்கு அருகில் கொண்டுவாருங்கள். தன்னிச்சை உமிழ்வால் வரும் கால நடுக்கம் குறையும். வளையத்தில் ஒளி இழப்பைக் குறைப்பதும் அதே நோய்க்கு மருந்து. வளையத்திலிருந்து வெளியே வந்த பிறகும் கவனம் வேண்டும். ஹெச்என்எல்எஃப் எனும் மிகை நேரியலற்ற இழைக்குள் நீண்ட துடிப்பை அனுப்பினால் சூப்பர்கன்டினியமே இரைச்சலைப் பெருக்கிவிடும். துடிப்பை 100 ஃபெம்டோநொடிக்குள் ஒடுக்கி, இழையைக் குட்டையாக வையுங்கள்.

இதையெல்லாம் செய்யாமல் பூட்டுவதால் என்ன கேடு? எர்பியத்தின் கெயின் மெல்லத்தான் அசையும். பம்ப் மின்னோட்டம் வழியே போகும் திருத்தம் பத்து கிலோஹெர்ட்ஸ் அளவிலேயே தளரத் தொடங்கும். கட்ட முன்னேற்றச் சுற்று வைத்து அதை நூறு கிலோஹெர்ட்ஸ் வரை இழுக்கலாம். ஆனால் அந்த எல்லையின் விளிம்பில் இரைச்சல் மேடாகக் குவியும். கெயினைக் கூட்டக் கூட்ட மேடும் உயரும். வளையத்துக்குள் மின்-ஒளிப் பண்பேற்றி வைத்தால் மெகாஹெர்ட்ஸ் வேகம் கிடைக்கும். அங்கும் பீட் பலவீனமாக இருந்தால் பயனில்லை. கண்டறிவானின் இரைச்சலை உண்மையென நம்பி சர்வோ அதையே லேசர்மேல் எழுதிவிடும். 100 கிலோஹெர்ட்ஸ் பட்டையில் 30 டெசிபெல் பீட் என்ற பழைய அளவுகோலைத் தாண்டியாயிற்றா என்று முதலில் பாருங்கள்.

இந்த சர்வோ மேட்டின் விலையைக் கணக்கிட்டும் பார்க்கலாம். கூட்டிய கட்ட இரைச்சல் 0.1 ரேடியன் என்றால் திறனில் 99 சதவீதம் ஒத்திசைந்த கோட்டில் நிற்கும். 1 ரேடியன் என்றால் 37 சதவீதம்தான் மிஞ்சும். அலைமாலைக் கருவித் திரையில் இரண்டிலும் கூர்மையான கோடு ஒன்று தெரியும். படத்தைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான்.

எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு 2017-ல் பாரிஸின் சிர்ட்டே ஆய்வகம் சான்று காட்டியது. எர்பியம் ஃபைபர் சீப்பு வழியே ஒளி அதிர்வெண்ணைப் பகுத்து, 12 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோ அலையில் 10 கிலோஹெர்ட்ஸ் தள்ளி ஹெர்ட்ஸுக்கு -173 டிபிசி என்ற கட்ட இரைச்சலை எட்டினார்கள். ஒளிக்கண்டறிவானில் வீச்சு ஆட்டம் கட்ட ஆட்டமாக மாறுவதைக்கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை.

எனவே கட்டுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். பூட்டிய லேசரின் வளைவை மட்டும் அனுப்பாதீர்கள். பூட்டாத நிலையின் இரைச்சல் நிறமாலை, பூட்டிய நிலையில் சர்வோ மேடு உட்பட முழு நிறமாலை, பூட்டு வளையத்துக்கு வெளியே வேறொரு சீப்போடோ லேசரோடோ ஒப்பிட்டு எடுத்த அளவீடு ஆகிய மூன்றையும் ஒரே வரைபடத்தில் தாருங்கள். பூட்டுக்குள் எடுத்த பிழைச் சமிக்ஞை, சர்வோ தன் வேலையைச் செய்கிறது என்பதை மட்டுமே சொல்லும். சீப்பு அளவீட்டுக்குத் தகுதியானதா என்பதை அது சொல்லாது. ஒளிக்கடிகாரங்கள் 18-ஆம் தசம இடத்தில் பேசும் காலத்தில், வெளி அளவீடு இல்லாத துல்லியக் கூற்றைத் திறனாய்வாளர்கள் ஏற்க வேண்டியதில்லை.