கியர் பெட்டியைத் திறப்பதற்கு முன்



பழைய காரை வீட்டிலேயே பிரித்துப் புதுப்பிக்க முனைவோருக்காகச் சென்ற மாதம் பிரேக்கைப் பற்றி எழுதியிருந்தேன். இம்மாதம் கியர் பெட்டி. இதில் நாங்கள் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன்; நீங்களாவது அதிலிருந்து தப்பலாம்.

2020 டிசம்பரில் புரெவி புயலையொட்டிப் பெய்த மழையில் காவிரி டெல்டாவின் சம்பா வயல்கள் மூழ்கியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அய்யம்பேட்டைக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டுக் கொல்லையிலும் வாய்க்கால் தண்ணீர் புகுந்தது. தொழுவத்தில் நின்ற அத்தாவின் அம்பாஸடர் கார், இருக்கை மட்டத்துக்கு இரண்டு நாட்கள் நீரில் கிடந்தது. உத்தரபாரா ஆலையில் 2014-லேயே உற்பத்தி நின்றுபோன வண்டி அது. விற்றால் இரும்பு விலைதான் கிடைக்கும். ஆனால் எண்பதை நெருங்கிக் கொண்டிருந்த அத்தா, “என் காரில் ஒருமுறை தஞ்சாவூர் போய் வரணும்” என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சொல்லிக் கொண்டிருந்தார். வளைகுடாவிலிருந்து அவ்வாண்டு ஊர் திரும்பியிருந்த அண்ணன், தாமே பிரித்துப் பூட்டுவதாகச் சொல்லித் தொழுவத்தில் இறங்கிவிட்டார். உதவிக்கு நான்.

சில வாரங்களில் இன்ஜின் ஓடத் தொடங்கிவிட்டது. கியர் மட்டும் விழவில்லை. எந்தக் கியரைப் போட்டாலும் ‘கரகர’வென்ற அரைப்பு. பெட்டியின் எண்ணெயை வடித்துப் பார்த்தால், பால் கலந்த தேநீரின் நிறம். மேலேயுள்ள காற்றுத் துளை வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது என்பது தெளிவு. எனவே நோய் பெட்டியில்தான் என்று முடிவு கட்டினோம். மூன்று வாரங்கள் பிரித்துக் கழுவி, துருவேறிய பேரிங்குகளை மாற்றி, மீண்டும் பூட்டினோம். அதே ‘கரகர’. அண்ணன் அன்றிரவு சாப்பிடாமலேயே படுத்துவிட்டார்.

மறுநாள் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். நாற்பது ஆண்டுகள் லாரிப் பட்டறையில் உழைத்தவர். பெட்டியை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “இன்ஜினை நிறுத்திட்டுப் போட்டால் கியர் விழுதா?” என்று மட்டும் கேட்டார். போட்டுப் பார்த்தோம். நான்கும் ரிவர்ஸும் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் விழுந்தன. “அப்புறம் பெட்டியை ஏன்ப்பா குறை சொல்றீங்க?” என்றார்.

நம் பகுதி வாசகர்களுக்கு இதை விளக்குவது எளிது. இன்ஜினின் விசையைத் தண்ணீர் என்று கொள்ளுங்கள். கிளட்ச் என்பது மதகுப் பலகை. பலகையை இறக்கி ஓட்டத்தை நிறுத்தினால்தான் ஒரு மடையை அடைத்து வேறொன்றைத் திறக்க முடியும். எங்கள் காரில் பலகை இறங்கவேயில்லை. வெள்ளத்தில் கிடந்த கிளட்ச் பிளேட், ஃப்ளைவீலோடு துருப்பிடித்து ஒட்டிக் கொண்டிருந்தது. மிதியை எவ்வளவு அழுத்தினாலும் அது விலகவில்லை. பெட்டியை இறக்கியபோது, கண்ணெதிரே இருந்த பிரஷர் பிளேட்டைக் கழற்றிப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை!

ஆகவே ஸ்பேனரை எடுக்குமுன் காரையே விசாரியுங்கள். இன்ஜின் நின்றிருக்கும்போது விழும் கியர், ஓடும்போது விழாவிட்டால் கிளட்சைப் பாருங்கள். நின்றிருக்கும்போதும் விழாவிட்டால், ஸ்டியரிங் தண்டிலிருந்து பெட்டிக்குச் செல்லும் கம்பிகளைக் கழற்றிவிட்டு, பெட்டியின் மேலுள்ள நெம்புகோலைக் கையால் நகர்த்துங்கள். அது விழுந்தால், கோளாறு கம்பிகளின் தேய்ந்த புஷ்களில். பழைய வாடகைக் கார் ஓட்டுநர்கள் நடுவழியில் பானெட்டைத் திறந்து, சிக்கிய கம்பியை இழுத்துவிட்டுப் புறப்படுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஓசையும் பேசும். நியூட்ரலில் வரும் இரைச்சல், கிளட்ச் மிதியை அழுத்தியதும் நின்றால் பெட்டிக்குள் பேரிங் தேய்ந்திருக்கிறது. மாறாக, அழுத்தும்போதுதான் இரைச்சல் பிறக்கிறது என்றால் கிளட்சின் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகியுங்கள். மற்ற கியர்களில் இரைந்து, டாப் கியரில் மட்டும் அமைதியானால் லே ஷாஃப்டின் பேரிங்குகள். ஏனெனில் இத்தகைய பெட்டிகளில் டாப் கியரின் விசை நேராகச் சென்றுவிடும், லே ஷாஃப்ட் சுமையின்றிச் சுழலும். இரண்டாம் கியரில் மட்டும், அதுவும் அவசரமாகப் போடும்போது அரைத்தால் சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கும். ஓட்டத்தில் கியர் தானே கழன்று வந்தால், தண்டைப் பிடிக்கும் குண்டும் ஸ்பிரிங்கும் தளர்ந்திருக்கலாம். முட்கரண்டியோ பற்களின் விளிம்போ தேய்ந்திருக்கலாம்.

வடித்த எண்ணெயையும் வீணே கொட்டிவிடாதீர்கள். வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். மஞ்சள் மினுமினுப்பு சின்க்ரோ வளையத்தினுடையது. காந்தத்தில் ஒட்டும் செதில், பற்களிலிருந்தோ பேரிங்கிலிருந்தோ உதிர்ந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் பெட்டியைத் திறந்தே ஆக வேண்டுமானால், முதற் கவலை உங்கள் உயிர். ஜாக்கியை மட்டும் நம்பியோ, செங்கல்லையும் தென்னங்கட்டையையும் அடுக்கியோ காருக்கு அடியில் நுழையாதீர்கள். செங்கல் எச்சரிக்கை செய்துவிட்டு உடைவதில்லை. இரும்புத் தாங்கிகள் வேண்டும், சக்கரங்களுக்கு அணை வேண்டும், பாட்டரி கம்பியைக் கழற்றிவிட வேண்டும். பெட்டியை இறக்கும்போது இருவர் இருங்கள். அதன் கனத்தைக் கிளட்சின் நடுவே தொங்கவிடாதீர்கள்.

பிரிக்கும் வரிசையிலேயே உறுப்புகளைப் பழைய பாயில் பரப்பி வையுங்கள். லே ஷாஃப்டின் ஊசி ரோலர்களை எண்ணி எழுதிக் கொள்ளுங்கள். எங்களுக்கு ஒன்று குறைந்தது. அரை நாள் தேடி, வைக்கோலுக்கு அடியில் கண்டெடுத்தோம். பூட்டும்போது கிரீஸில் ஒட்டி நிறுத்தினால் அவை விழாது. சின்க்ரோ கூட்டைத் துணிப்பைக்குள் வைத்துக் கழற்றினால் குண்டுகள் பறக்காது. ஒரே நேரத்தில் இரண்டு கியர் விழாமல் தடுக்கும் சிறு பூட்டை மறந்து மூடினால் பெட்டி இறுகிப் போகும். மூடுமுன் மேசையின் மீதே ஒவ்வொரு கியரையும் கையால் போட்டுச் சுழற்றுங்கள். எங்கேனும் இறுகினால் த்ரஸ்ட் வாஷரின் கனத்தைச் சரிபாருங்கள். விருந்துக்கு நேரமாகிவிட்டதே என்று மட்டும் மூடிவிடாதீர்கள். (நாங்கள் மூடினோம். மறுபடி திறந்தோம்.)

எண்ணெய் விஷயத்தில் கடைக்காரர் சொல்வதைவிடக் காரின் கையேடு சொல்வதே மேல். ஜி.எல்-5 என்று குறித்த எண்ணெய்களில் சில, பழைய பெட்டிகளின் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடியவை.

நாங்கள் பெட்டியை மறுமுறை இறக்கினோம். பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை ஒரேயடியாகக் கழற்றாமல், எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்தினோம். ஒட்டியிருந்த பிளேட்டைப் பெயர்த்து, ஃப்ளைவீலின் துருவை உப்புத்தாளால் தேய்த்துப் புதுப் பிளேட் வைத்தோம். அதை மையத்தில் நிறுத்த, தச்சர் ஒருவர் கடைந்து கொடுத்த மரமுளையே போதுமானதாயிற்று. இரண்டே நாள் வேலை!

மார்ச் மாதத்தில் ஒரு காலை, அத்தாவை முன்னிருக்கையில் உட்கார வைத்துக் கொண்டு தஞ்சாவூருக்குப் புறப்பட்டோம். வழிநெடுக அவர் எதுவும் பேசவில்லை. காதைத் தீட்டிக் கொண்டிருந்தார். ஊரெல்லை வேகத்தடையில் அண்ணன், வண்டி முழுதும் நிற்குமுன் முதல் கியரைப் போட்டார். நான்கு கியர் அம்பாஸடரின் முதல் கியருக்குச் சின்க்ரோ வளையம் கிடையாது. ‘கர்’ என்றது.

“நின்ன பிறகுதான் ஃபர்ஸ்ட் போடணும்னு உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?” என்றார் அத்தா. நாற்பத்தாறு வயது அண்ணன், “சரிங்கத்தா” என்று சொல்லிவிட்டுக் காரை முழுதாக நிறுத்தினார்.